தோல் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கு என்ன கற்றுத்தருகிறது? கடலூரிலும் புதுச்சேரியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஊர்களிலும் பள்ளி, கல்லூரி, மகளிர் குழுக் கூட்டங்களில் உயிரியல் பேசப் போகிறேன். எதைப் பற்றிப் பேசினாலும் கேள்வி நேரம் கடைசியில் புற்றுநோயில் வந்து நிற்கும். "தோல் புற்றுநோய் நம்ம பக்கம் அபூர்வம்தானே, அதை ஏன் இவ்வளவு பேர் ஆராய்கிறார்கள்?" என்ற கேள்வி மட்டும் தவறாமல் வரும். ஒரு கட்டி எப்படித் தொடங்கி எப்படி வளர்கிறது என்பதில் இன்று தெரிந்திருக்கும் பல அடிப்படை விஷயங்கள் தோலில்தான் முதலில் பிடிபட்டன. அதனால் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

எத்தனையோ உறுப்பு இருக்க, ஏன் தோல்?

கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் முதல் காரணம். கணையத்தில் கட்டி வந்தால் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். அது எப்போது தொடங்கியது, நடுவில் என்னென்ன மாற்றம் அடைந்தது என்று பார்க்க வழியே இல்லை. தோலில் அப்படி இல்லை. ஒரு புள்ளி தோன்றுவது, தடிப்பது, நிறம் மாறுவது, புண்ணாவது எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து வைக்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பையின் தோலில் புற்று வருவதையும், அதற்குப் புகைக்கரி காரணம் என்பதையும் பெர்சிவால் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-இல் எழுதினார். வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று காட்டிய முதல் பதிவுகளில் அது ஒன்று. 1915-இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்கில் தார் தடவி, பரிசோதனைக்கூடத்திலேயே புற்றுநோயை வரவைத்துக் காட்டினார்கள். காதைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் அதேதான்: தினமும் பார்க்க முடியும்.

தோல் புற்றுநோய் என்றால் ஒரே நோயா?

இல்லை. முக்கியமானவை மூன்று. மேல்தோலின் அடியடுக்குச் செல்களில் வருவது பேசல் செல் புற்றுநோய். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் விட்டுவைத்தால் மூக்கையோ இமையையோ அரித்துவிடும். அதற்கு மேலடுக்குச் செல்களின் வகையைச் சேர்ந்தது ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். நிறமி தயாரிக்கும் செல்களில் வருவது மெலனோமா. மூன்றில் எண்ணிக்கை குறைவு, ஆபத்து அதிகம் இதில்தான்.

பேசல் செல் புற்றுநோயைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அது பரவுவதுகூட இல்லையே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதுமே நேரம் எடுத்துக்கொள்வேன்.

சிலருக்கு இளம் வயதிலேயே உடம்பில் பல இடங்களில் பேசல் செல் கட்டிகள் வரும். கூடவே தாடை எலும்புக்குள் நீர்க்கட்டிகள், உள்ளங்கையில் ஊசிமுனை அளவு சிறு குழிகள். ராபர்ட் கார்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் 1960-இல் இதைத் தனி நோயாக எழுதினார்கள். கார்லின் சின்ட்ரோம் என்ற பெயர் அப்படி வந்தது. கார்லின் வாய் நோயியல் நிபுணர். இன்றைக்கும் தாடை நீர்க்கட்டியைப் பார்த்து முதலில் சந்தேகப்படுவது பல் மருத்துவராக இருப்பதுண்டு.

இவர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, 1996-இல் இரண்டு குழுக்கள் ஒரே ஜீனில் வந்து நின்றன: பிடிசிஎச் 1, அதாவது பேட்ச்ட். அந்த ஜீன் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் தெரிந்திருந்தது. பழம் அழுகினால் மொய்க்கும் சின்ன ஈ இருக்கிறதே, அதன் புழுவில். கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் ஆயிரக்கணக்கான ஈக்களை ஆராய்ந்து, உடம்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஜீன்களை 1980-இல் வெளியிட்டார்கள். பேட்ச்ட்டும் ஹெட்ஜ்ஹாக்கும் அவற்றில் இரண்டு. இந்த வேலைக்கு 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவில் எந்தச் செல் எங்கே போய் என்னவாக வேண்டும் என்று சொல்லும் சமிக்ஞைகளில் ஹெட்ஜ்ஹாக் முக்கியமானது. ஈயிலும் அதுதான், மனிதரிலும் அதுதான்.

வேலை செய்யும் விதத்தை வீராணம் ஏரியின் மதகை வைத்துச் சொல்கிறேன். பேட்ச்ட் புரதம்தான் மதகின் பலகை. பலகைக்குப் பின்னால் அடைபட்டு நிற்கும் தண்ணீர், ஸ்மூத்தன்ட் என்ற இன்னொரு புரதம். ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை வந்தால் பலகை தூக்கப்படும், தண்ணீர் பாயும், செல் பெருகும். வளர்ந்த மனிதரின் தோலில் முடி முளைக்கும் வேர்க்கால் போன்ற சில இடங்களைத் தவிர, பலகை பெரும்பாலும் இறக்கித்தான் இருக்கும். பலகையே உடைந்துபோனால்? யாரும் திறக்கச் சொல்லாமலே தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பேசல் செல் கட்டிகளில் நடப்பது இதுதான். சில கட்டிகளில் பேட்ச்ட் நன்றாக இருக்கும், ஸ்மூத்தன்ட்டே பழுதாகி அதற்குக் கட்டுப்படாமல் போயிருக்கும்.

ஒவ்வொரு செல்லிலும் பேட்ச்ட் ஜீன் இரண்டு பிரதி உண்டு, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. பேட்ச்ட் பழுதால் கட்டி வர இரண்டும் கெட வேண்டும். கார்லின் குடும்பங்களில் ஒரு பிரதி பிறப்பிலேயே கெட்டிருப்பதால் இன்னொன்று கெட்டாலே போதும். இளம் வயதில் நிறையக் கட்டிகள் வருகின்றன. மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு பிரதியும் கெடுவதற்குப் பல ஆண்டு வெயில் தேவைப்படுகிறது. வயதான பிறகு ஒன்றோ இரண்டோ வருகிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவை வைத்து ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் சொன்ன கணக்கும் இதுவே. ஒன்று கண்ணில், மற்றொன்று தோலில். கட்டியின் பிறப்புக் கணக்கு ஒன்றாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. கார்லின் குடும்பக் குழந்தைகள் சிலருக்குச் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி வரும். அந்தச் சின்ட்ரோம் இல்லாத குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமாக்களில் ஒரு பகுதியிலும் இதே ஹெட்ஜ்ஹாக் வழிதான் கெட்டிருக்கிறது. மூக்கின் மேல் வரும் ஒரு பருவைப் படித்தது, குழந்தையின் மூளைக் கட்டியை வகைப்படுத்த உதவியது. "அபூர்வமான நோயை ஏன் ஆராய வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, இதனால் மருந்து ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது, அதுவும் ஆட்டுக்குட்டிகள் வழியாக. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950-களில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாடுகள் மேய்ந்த ஒரு மலைச்செடிதான் காரணம் என்று அரசு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்த நச்சுப்பொருளுக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். ஹெட்ஜ்ஹாக் வழி அடைபட்டால் கருவின் முகம் இரண்டாகப் பிரியாது, கண்ணும் ஒன்றாகவே நின்றுவிடும் என்பது 1990-களில் எலிகளில் தெரிந்தது. அப்புறம்தான் இரண்டு கதையும் சேர்ந்தன: சைக்ளோபமைன் போய் ஒட்டுவது ஸ்மூத்தன்ட் மீது.

அதே இடத்தில் ஒட்டும்படி செய்த விஸ்மோடெகிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்காத பேசல் செல் கட்டிகளுக்கு அது. தசைப்பிடிப்பு, முடி கொட்டுதல், நாக்கில் ருசி போவது எல்லாம் வரும், ஏனென்றால் முடிக்கும் நாக்கின் சுவை மொட்டுக்கும் இதே வழி தேவைப்படுகிறது. கர்ப்பிணிகள் கண்டிப்பாக எடுக்கக் கூடாது. ஆட்டுக்குட்டிகளுக்கு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

சில நோயாளிகளுக்கு மருந்து கேட்டுக் கட்டி சுருங்கிய பிறகு மறுபடி வளர்ந்தது. எடுத்துப் பார்த்தால், மருந்து ஒட்ட முடியாதபடி ஸ்மூத்தன்ட் மாறியிருந்தது. கட்டி என்பது ஒரே மாதிரி செல்களின் கூட்டம் இல்லை, மருந்து கொடுக்கக் கொடுக்க அதற்குத் தப்பும் செல்கள் மட்டும் நின்று பெருகும் என்பதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டிய நோய்கள் குறைவு.

மரபணுவில் பிழை வந்துவிட்டாலே புற்றுநோய்தானா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் "மியூட்டேஷன்" என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பமே இடிந்துபோவதைப் பார்க்கிறேன்.

தொங்கும் இமைத் தோலைச் சரிசெய்யும் அறுவையில் வெட்டி எடுத்த தோலை இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 234 சிறு துண்டுகளாக்கி ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். கொடுத்தவர்கள் நான்கே பேர், நடுவயது கடந்தவர்கள். தோல் பார்க்க இயல்பானது, புற்றுநோய் எதுவும் இல்லை. ஆனால் ஏறக்குறைய கால்வாசி செல்களில், புற்றுநோயைத் தூண்டும் வகைப் பிழை ஒன்றாவது இருந்தது. அந்தச் செல்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பக்கத்துச் செல்களோடு போட்டியிட்டு இடம்பிடித்து இருந்தன, அவ்வளவுதான். கட்டியாகவில்லை.

மச்சமும் அப்படித்தான். 2002-இல் மெலனோமாவில் பிராஃப் என்ற ஜீனின் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பார்த்தால், ஒரு தீங்கும் செய்யாத மச்சங்களில் பெரும்பாலானவற்றில் அதே பிழை. அந்தச் செல் கொஞ்ச காலம் பெருகும், பிறகு தானாக நின்றுவிடும், ஐம்பது வருடம் அப்படியே கிடக்கும். நிற்கச் சொல்லும் காவல் ஜீன்களும் கெட்டால்தான் அது மெலனோமா ஆகும். எந்த ஒரு மச்சத்துக்கும் அப்படி நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பிரஸ்ஸல்ஸில் எலிகளில் செய்தது. ஸ்மூத்தன்ட்டைக் கட்டுக்கடங்காமல் இயங்கவைக்கும் ஒரே பிழையைத் தோல் முழுவதும் உண்டாக்கினார்கள். காதில் பேசல் செல் கட்டி வந்தது, முதுகில் வரவில்லை. பிழை ஒன்றுதான், எலியும் ஒன்றுதான்! தேடிப்பார்த்ததில் வித்தியாசம் மேல்தோலுக்கு அடியில் இருந்தது. முதுகில், தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் அடர்த்தி. பிழை ஏறிய செல்களால் கீழே இறங்க முடியவில்லை. அந்த இழைகளைக் கரைத்தபோதும், புற ஊதா ஒளியாலும் வயதாலும் அவை நலிந்தபோதும் முதுகிலும் கட்டிக்கு வழி திறந்தது. 2023-இல் வெளியான வேலை இது. வெயில் டிஎன்ஏவை மட்டும் கெடுக்கவில்லை, செல் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கெடுக்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். கட்டியின் வளர்ச்சியில் பாதிக் கதை அது இருக்கும் அக்கம்பக்கத்தில் இருக்கிறது.

நேர்வாளத்தால் புற்றுநோய் வரும் என்று படித்தேன். சித்த மருந்தில் சேர்க்கிறார்களே?

இது எங்கிருந்து வந்தது என்றால், 1940-களில் எலித்தோலில் நடந்த புகழ்பெற்ற சோதனைகளிலிருந்து. முதலில் தாரில் இருப்பதைப் போன்ற ஒரு ரசாயனத்தை எலியின் முதுகில் ஒரே ஒரு தடவை மிகக் கொஞ்சமாகத் தடவுவார்கள். அதோடு விட்டால் கட்டி வராது. பிறகு நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினால் மருமருவாகக் கட்டிகள் முளைக்கும், சில புற்றாகும். வரிசையை மாற்றி, எண்ணெயை முதலிலும் ரசாயனத்தைப் பிறகும் தடவினால் ஒன்றும் வராது. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டாலும் கட்டி வந்தது. அதாவது முதல் தடவலில் விழுந்த பிழை அழியாமல் காத்திருக்கிறது. எண்ணெய் உண்டாக்கும் எரிச்சலும் அழற்சியும்தான் அதை எழுப்புகின்றன. தொடக்கம் வேறு, தூண்டுதல் வேறு என்ற கருத்து இப்படித்தான் உறுதியானது. நாள்பட்ட அழற்சி ஏன் கல்லீரலிலும் குடலிலும் புற்றுக்கு வழிவிடுகிறது என்று இன்று பேசுவதற்கும் அதுவே அடிப்படை.

சோதனையில் தடவியது எண்ணெயை, எலித்தோலில், வாரக்கணக்கில். அதை வைத்துச் சித்த மருந்தை எடைபோட முடியாது. ஆனால் நேர்வாளம் கடுமையான பேதி மருந்து, நஞ்சும்கூட. தகுதி பெற்ற சித்த மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது.

பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத புண் புற்றுநோயாகுமா?

ஆகலாம், பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து. தீக்காயத் தழும்பிலும் நாள்பட்ட கால்புண்ணிலும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. காஷ்மீரில் குளிருக்கு வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்ரி என்ற கணப்புச் சட்டியால் அடிவயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். இடுப்பில் வேட்டி இறுகும் இடத்தில் வருவதை மும்பையில் கானோல்கரும் சூரியாபாயும் 1945-இல் பதிவு செய்தார்கள். புடவைக்கு உள்ளே பாவாடை நாடா அறுத்து அறுத்து வரும் புண்ணிலும் இது வந்ததாக மருத்துவ இதழ்களில் இருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தோல் தடித்து, செதில் உரியும் அம்மாக்கள் நம் ஊரில் ஏராளம். மெல்லிய நாடாவை விட்டு அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். அந்த இடத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தால் காட்டுங்கள்.

தேவனாம்பட்டினத்து மீனவர்கள் நாள் முழுக்க வெயிலில். அவர்களுக்குத்தானே அதிகம் வர வேண்டும்?

கறுப்பு நிறம் காக்கிறது. மெலனின் என்ற நிறமியின் துகள்கள் செல்லின் உட்கருவுக்கு மேல் பக்கம் திரண்டு, உள்ளே இருக்கும் டிஎன்ஏ மீது புற ஊதா ஒளி விழாமல் மறைக்கின்றன. ஒளி விழுந்தால் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு வகைப் பிழை வரும். வெளிர் தோல்காரர்களின் கட்டிகளில் அந்தத் தடம் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. இந்தப் பாதுகாப்பு முழுமையானது இல்லை. வெண்தோல் குறைபாட்டோடு (ஆல்பினிசம்) பிறந்தவர்களுக்கு அது அறவே இல்லை; அவர்கள் கடலுக்கோ வயலுக்கோ போகும்போது முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி கட்டாயம்.

நிறம் காக்காத இன்னொன்றும் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும் மெலனோமா. கறுப்பான மக்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். பாடகர் பாப் மார்லி 1981-இல் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய இதே நோயால். இந்தக் கட்டிகளில் வெயிலின் தடம் மிகக் குறைவு. குரோமோசோம்களே உடைந்து இடம்மாறியிருக்கும். ஒரே பெயருள்ள நோய் இரண்டு வேறு பாதைகளில் உருவாவதை இது காட்டுகிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? காலில் கறுப்பாகத் தெரிந்தால் முள் குத்தியது என்பார்கள், கால் ஆணி என்பார்கள், பிளேடால் சீவுவார்கள், மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டுவார்கள். மாதங்கள் போய்விடும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் தோல் புற்றுநோய் வருமா?

பொதுவாக இல்லை. சில அபூர்வ நோய்களுக்கு அது பொருந்தும். முக்கியமானது ஜெரோடெர்மா பிக்மென்டோசம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இது வரும், அதனால் நெருங்கிய உறவில் வாய்ப்பு கூடுகிறது. வெயில் கெடுத்த டிஎன்ஏவை வெட்டிச் சரிசெய்யும் வேலை இந்தக் குழந்தைகளின் செல்களில் நடப்பதில்லை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968-இல் காட்டினார். நம் எல்லோருடைய தோலிலும் தினமும் எவ்வளவு பழுதுபார்ப்பு நடக்கிறது என்பது இவர்களை வைத்துத்தான் புரிந்தது. கைக்குழந்தைக்குக் கொஞ்ச வெயிலிலேயே தோல் கொப்பளித்தாலோ, ஒன்றிரண்டு வயதிலேயே முகம் முழுக்கக் கரும்புள்ளி வந்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறோம். ஓட்டுப்பால் பட்டுக் கை வெந்துபோகிறது. ஆபத்தா?

அந்த எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்குவது உறுதி. கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயாவது தடவிக்கொண்டு உட்காருங்கள். வெந்த தோல் உரிந்து ஆறிவிட்டால் பயம் வேண்டாம். ஆறாமல் ஒரே இடம் திரும்பத் திரும்பப் புண்ணானால் காட்டுங்கள்.

எதைப் பார்த்தால் டாக்டரிடம் போக வேண்டும்? எங்கே?

ஒரு மாதம் தாண்டியும் ஆறாத புண். ஆறியது போல் பொருக்கு கட்டி மறுபடி ரத்தம் கசியும், ஓரம் மினுமினுக்கும் பரு. முகத்தில் இது வந்தால் கட்டாயம். பழைய தழும்பில் புதிதாக எழும்பும் சதை. உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புத் திட்டு, நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு. கடலூர்க்காரர்கள் அரசுத் தலைமை மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டலாம். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரில் தோல் பிரிவும் மண்டலப் புற்றுநோய் மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

பயாப்சி எடுத்தால் கத்தி பட்டுப் பரவிவிடுமாமே?

பரவாது. இந்தப் பயத்தால் தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது.

என் கட்டியை ஆராய்ச்சிக்குக் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பேன், கொடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். இதுவரை சொன்ன அறிவின் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளின் தோலிலிருந்து வந்தது. உள்ளங்கால் மெலனோமா நம்மைப் போன்றவர்களுக்கு வருவது, ஆனால் சேகரிப்புகளில் நம் திசுக்கள் குறைவு. நம் கட்டிகளைப் படிக்காமல் நமக்கான மருந்து வராது.

நடைமுறை இப்படி இருக்கும். நோய் என்னவென்று முடிவு செய்யத் தேவையானதை எடுத்தபின் மிஞ்சும் துண்டைத்தான் கேட்பார்கள். அது மெழுகில் பதித்த சிறு கட்டையாக நோயியல் பிரிவில் இருக்கும். ஆய்வுக்கு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும், ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெயர் மறைக்கப்படுமா, மரபணுவைப் படிப்பார்களா, குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஏதாவது கிடைத்தால் சொல்வார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும், கொடுத்த பிறகு மனம் மாறித் திரும்பப் பெற்றாலும், உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது.